பாஸ் கிடாரில் இரு கைகள்: தொடங்குபவருக்கு எது முறை?

காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று நீளும் கடற்கரையில் பாஸ் கிடாரைக் கையில் எடுக்கும் இளைஞர்களில் பலர் அதைத் தேடிப் போனவர்கள் அல்லர். மாதா கோயில் பாடகர் குழுவில் ஆறு கம்பிக் கிடார் வாசிக்க ஏற்கெனவே ஆள் இருப்பார். அடுத்து வருபவரிடம் பாஸைக் கொடுத்துவிடுவார்கள். மெல்லிசைக் குழுக்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆகவே புதியவர் வேறொரு கருவியில் பழகிய கையோடு பாஸுக்கு வருகிறார். கிடாரிலிருந்து வருபவர் கம்பியை எட்டிப் பிடிக்கத் திணறுகிறார். கீபோர்டிலிருந்து வருபவருக்குக் கம்பியை அழுத்திய பழக்கமே இல்லை. வீணை கற்றவருக்கு விரலில் வலு உண்டு. ஆனால் நகத்தாலோ மீட்டு அணிந்தோ வாசித்துப் பழகியவர்.

2011 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சம் பேர் இருந்த காரைக்கால் போன்றதொரு மாவட்டத்தில் பாஸுக்கென்றே ஓர் ஆசிரியர் அமைவது எளிதல்ல. யூடியூபைப் பார்த்துக் கற்கலாம் என்றால் அங்கே நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். வலக்கைக் கட்டைவிரலைப் பிக்கப்பின் மேல் ஊன்று என்கிறார் ஒருவர். ஊன்றாதே, நகர்த்து என்கிறார் இன்னொருவர். ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்பது ஒருவர் சட்டம். மோதிர விரலைத் தனியே நம்பாதே என்பது மற்றவர் சட்டம். பிக் பிடித்து வாசிப்பவரைப் பாஸ் கலைஞராகவே ஏற்காதவர்களும் உண்டு.

இந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. கட்சி கட்டிச் சண்டையிடும் அளவுக்கு இவை முரண்பட்டவை அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு விடையாகப் பிறந்தது. எந்தச் சிக்கலுக்கு எந்த விடை என்று தெரிந்துவிட்டால், எதை எப்போது எடுப்பது என்பதும் தெரிந்துவிடும். வலக்கைப் பழக்கம் உள்ளவரை வைத்தே இங்கே இடக்கை, வலக்கை என்று சொல்லப்படுகிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

கருவியின் அளவு சொல்வது

மின்சார பாஸ் கிடார் 1930-களிலேயே அமெரிக்காவில் பால் டட்மார்க் என்பவரால் செய்யப்பட்டிருந்தாலும், அது உலகெங்கும் பரவியது லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பாஸுக்குப் பிறகுதான். அதில் கம்பியின் ஒலிக்கும் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 86 செ.மீ. இன்றும் பெரும்பாலான பாஸ் கிடார்களுக்கு இதுவே அளவு. சாதாரண மின்கிடாரில் இந்த நீளம் 25.5 அங்குலம், ஏறக்குறைய 65 செ.மீ.

இந்த வேறுபாடு விரல்களில் எப்படித் தெரிகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலையும் நான்காம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலையும் வைக்க, கிடாரில் கை சுமார் 9.7 செ.மீ. விரிந்தால் போதும். பாஸில் அது 13 செ.மீ. ஆகிறது. கிடாரில் முதல் ஃப்ரெட்டில் தேவைப்படும் அதே 9.7 செ.மீ. விரிவு பாஸில் கிடைப்பது ஆறாம் ஃப்ரெட்டிலிருந்து ஒன்பதாம் ஃப்ரெட் வரையிலான பகுதியில். கிடார்க்காரர் பாஸை எடுத்ததும் முதல் ஃப்ரெட்டில் தொடங்கிக் கைவலி என்று இரண்டே வாரத்தில் கீழே வைப்பதன் காரணம் இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது.

கம்பியின் தடிப்பும் வேறு. பாஸின் மிக மெல்லிய கம்பியான ஜி சுமார் 1.1 மி.மீ.; கிடாரின் மிகத் தடித்த கம்பியும் ஏறக்குறைய அதே அளவுதான். கிடாரின் ஒரு கம்பி 7 அல்லது 8 கிலோ இழுவிசையில் நிற்கும். பாஸில் ஒரு கம்பி சுமார் 20 கிலோ. இதைப் பார்த்துப் புதியவர்கள் பலத்தைக் கூட்டுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. பாஸின் மிகத் தடித்த ஈ கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது, அகலமாக அலையும். அதை ஓங்கி இழுத்தால் ஃப்ரெட்டுகளில் மோதிச் சலசலக்குமே ஒழிய, சுரம் பெரிதாகாது.

கை சிறியது என்று தயங்குபவர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் 30 அங்குல நீளமுள்ள சிறிய பாஸ் ஒரு நல்ல தீர்வு. அதில் முதல் நான்கு ஃப்ரெட்டுகளுக்கான விரிவு 11.5 செ.மீ. அளவே. இதைக் குழந்தைகள் கருவி என்று ஒதுக்க வேண்டியதில்லை. பீட்டில்ஸ் குழுவில் பால் மெக்கார்ட்னி வாசித்துப் புகழ்பெற்ற, வயலின் வடிவ ஹாஃப்னர் பாஸும் இந்தச் சிறிய அளவைச் சேர்ந்ததுதான்.

யாழும் வீணையும் காட்டிய வழி

கை எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. காரைக்காலுக்கு வடக்கே இதே கரையில் இருக்கிறது பூம்புகார். சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி யாழெடுக்கும்போது, ஒலி எழுவதற்கு முன்பே கைகளின் அமைப்பு சொல்லப்பட்டுவிடுகிறது: வலக்கை பதாகையாக யாழின் கோட்டோடு சேர்கிறது, இடக்கையின் நான்கு விரல்கள் நரம்பை இறுக்கும் மாடகத்தில் படிகின்றன. கானல்வரியோ யாழ்க் கைத்தொழிலை எட்டு வகைக் கலைத்தொழில், எட்டு வகை இசைக்கரணம் என்று பகுக்கிறது. நரம்பைப் பண்ணுக்கு அமைப்பது ஒரு தொழில், வருடிப் பார்ப்பது வேறொரு தொழில் என்று பிரித்தறிந்த மரபு அது. கையின் நிலையும் கையின் செயலும் தனித்தனிப் பாடங்கள் என்பது அதில் அடங்கிய அறிவு. பாஸ் கற்பவர் பெரும்பாலும் முதல் பாடத்தைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் விழுகிறார்.

இன்னும் நெருக்கமான உறவு தஞ்சாவூர் வீணையோடு. 24 மெட்டுகள், நான்கு வாசிப்புத் தந்திகள், மூன்று தாளத் தந்திகள் கொண்ட அதில் வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்திகளை மீட்டுகின்றன. சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தொடுகிறது. பாஸில் இன்று மிகப் பரவலாக இருக்கும் முறையும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே. வீணை கற்ற பிள்ளைக்கு இந்த மாற்று மீட்டு புதிதாக இராது. மாற்றிக்கொள்ள வேண்டியது நகம். பாஸில் விரல் நுனிச் சதையே கம்பியைத் தொட வேண்டும். நகம் பட்டால் சுரத்தின் தொடக்கத்தில் ஒரு சொடுக்கு கேட்கும். இரண்டையும் வாசிப்பவர்கள் நகத்தைக் குறைத்துக்கொண்டு வீணைக்கு மட்டும் கம்பி மீட்டு அணிவது நடைமுறைக்கு ஏற்ற வழி.

வீணை உலகம் தரும் இன்னொரு சான்று காரைக்குடிச் சகோதரர்கள். தம்பி சாம்பசிவ ஐயர் வீணையைக் கிடத்தி வாசித்தார். அண்ணன் சுப்பராம ஐயர் அதை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். ஒரே வீடு, ஒரே பாணி, இரண்டு பிடிமானம். இரண்டிலும் கருவியின் கனம் விரல்களின் மேல் இறங்காததால் இரண்டும் செல்லுபடியாயின. இந்த அளவுகோலை மேற்கத்திய முறைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

உட்காருதல், நிற்றல், மணிக்கட்டு

பாஸ் கிடாரின் எடை சுமார் 4 கிலோ. பல கருவிகளில் தலைப்பகுதி கனமாக இருப்பதால் கழுத்து கீழ்நோக்கிச் சாயும். அதைத் தாங்கிப்பிடிக்கும் வேலை இடக்கைக்கு வந்துவிட்டால் அந்தக் கை சுரம் வாசிக்க முடியாது. சோதனை எளிது: நின்றுகொண்டு இடக்கையை விட்டுவிடுங்கள். கருவி அப்படியே நின்றால் ஸ்ட்ராப் சரி. கழுத்து சரிந்தால் சொரசொரப்பான, அகலமான ஸ்ட்ராப் வேண்டும். அல்லது நீளத்தைக் குறைக்க வேண்டும்.

உட்கார்ந்திருக்கும்போது கருவி எந்த உயரத்தில் இருக்கிறதோ நிற்கும்போதும் அதே உயரத்தில் இருக்குமாறு ஸ்ட்ராப்பை அமைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் உட்கார்ந்து பழகிவிட்டு மேடையில் தொடைவரை தொங்கவிட்டு வாசிப்பவர், தாம் பழகாத ஒரு கருவியை வாசிப்பதற்கு ஒப்பான நிலைக்குப் போகிறார். கருவி கீழே இறங்க இறங்க இடது மணிக்கட்டு கூர்மையாக மடங்கும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஒடுக்கமான வழியாகத்தான் செல்கின்றன. மணிக்கட்டு மடங்கிய நிலையில் விரல்களுக்கு வேலை கொடுத்தால் அந்த நாண்கள் உராய்ந்து வீங்கும். கருவியை மிக உயர ஏற்றினால் இதே கேடு வலது மணிக்கட்டுக்கு வரும். இரண்டு மணிக்கட்டும் கூடுமானவரை நேராக இருக்கும் உயரமே உங்களுக்கான உயரம்.

கழுத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஃப்ரெட்டுகளைப் பார்ப்பதற்காகக் கருவியின் முகத்தை உங்கள் பக்கம் திருப்ப வேண்டாம்; திருப்பினால் மணிக்கட்டு மறுபடி மடங்கும். கழுத்தின் விளிம்பில் இருக்கும் புள்ளிகள் அதற்காகத்தான்.

இடக்கை: நான்கு விரலா, மூன்று விரலா?

முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்திகள். விரல் ஃப்ரெட்டின் மேலேயும் இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவிலேயும் விழக் கூடாது. ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் விழ வேண்டும். அங்கே மிகக் குறைந்த அழுத்தத்தில் சுரம் தெளிவாக வரும். கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தில், நடுவிரலுக்கு நேராக, தளர்வாக இருக்க வேண்டும். கிடார்க்காரர்கள் கட்டைவிரலைக் கழுத்தின் மேல் வளைத்துப் பிடிப்பதுண்டு. பாஸில் அப்படிப் பிடித்தால் சுண்டுவிரலின் எட்டும் தூரம் குறைந்துவிடும். அழுத்தம் அதிகமா என்று அறிய, வாசிக்கும்போதே கட்டைவிரலை ஒரு கணம் எடுத்துப் பாருங்கள். சுரம் செத்துப்போகாமல் மெலிதாகவாவது ஒலித்தால் பிடி சரியான அளவில் இருக்கிறது.

கருத்து வேறுபாடு விரல் பங்கீட்டில் வருகிறது. ஒரு முறை, ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்: நான்கு ஃப்ரெட், நான்கு விரல், கை நகராது. மற்றொன்று டபுள் பாஸிலிருந்து வந்தது. வியன்னாவில் ஆசிரியராக இருந்த ஃபிரான்ஸ் சிமாண்டல் (1840–1912) எழுதிய பாடநூல் வழியாகப் பரவிய அந்த முறையில், கழுத்தின் தொடக்கப் பகுதியில் ஆள்காட்டி, நடு, சுண்டு ஆகிய மூன்று விரல்களே சுரம் பிடிக்கும். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூடவே அழுத்தும். இப்படி மூன்று ஃப்ரெட்டுகளைக் கை மூடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முழுக் கையும் நகரும்.

மோதிர விரலை ஏன் தனியே நம்பவில்லை? அதன் தசைநாண்கள் பக்கத்து விரல்களோடு பிணைந்தவை. மேசையில் கையை வைத்து நடுவிரலை மடக்கிக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்க முயன்றால் தெரியும். சோம்பலோ பயிற்சிக் குறைவோ காரணமல்ல, உடலமைப்பு.

அளவைக் கொண்டு பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடுகிறது. முதல் ஃப்ரெட்டிலிருந்து மூன்றாம் ஃப்ரெட் வரை பாஸில் சுமார் 9 செ.மீ. எந்தக் கைக்கும் எட்டும். எனவே ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கீழே மூன்று விரல் முறை, அதற்கு மேலே ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் முறை என்று இரண்டையும் பகுதி பிரித்துக்கொள்ளலாம். அனுபவமுள்ள பலரின் கைகள் அறிந்தோ அறியாமலோ இப்படித்தான் இயங்குகின்றன.

இதற்கு நம் பாட்டுகளே துணை நிற்கின்றன. பாஸின் கம்பிகள் (தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி) மத்தியம இடைவெளியில் சுருதி சேர்ந்தவை: ஈ சட்ஜமானால் ஏ அதன் மத்தியமம். ஆகவே எந்தச் சுரத்தைச் சட்ஜமாக எடுத்தாலும், அடுத்த மெல்லிய கம்பியில் இரண்டு ஃப்ரெட் தள்ளிப் பஞ்சமம் கிடைக்கும்; அதற்கும் அடுத்த கம்பியில் அதே ஃப்ரெட்டில் மேல் சட்ஜம். ஆள்காட்டி விரல் சட்ஜத்தில் இருக்க, சுண்டுவிரல் மற்ற இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ச–ப–மேல் ச என்ற இந்த ஒரு வடிவம் மூன்றே ஃப்ரெட்டுக்குள் அடங்கிவிடுகிறது. திருப்பலிப் பாடல்களிலும் மேடைப் பாடல்களிலும் பாஸ் செய்யும் வேலையில் பெரும்பங்கு இந்த வடிவத்தால் முடிந்துவிடும். 13 செ.மீ. விரிவுக்காகக் கையை வதைக்க வேண்டிய தேவை தொடக்கத்தில் இல்லை.

வலக்கை: விரல்களும் ஊன்றுகோலும்

பிரிசிஷன் பாஸின் முதல் வடிவங்களில் மெல்லிய கம்பியின் பக்கம் ஒரு சிறு கட்டை பொருத்தப்பட்டிருந்தது. விரல்கள் அதைப் பற்றிக்கொள்ள, கட்டைவிரல் கம்பியை மீட்டும் என்பது செய்தவர்களின் எண்ணம். வாசித்தவர்களோ கட்டைவிரலை ஊன்றி விரல்களால் மீட்டினார்கள். 1970-களின் நடுவில் ஃபெண்டர் நிறுவனமே அந்தக் கட்டையைத் தடித்த கம்பியின் பக்கம் மாற்றிப் பொருத்தியது. செய்தவர் வகுத்த கை நிலையையே வாசித்தவர்கள் மாற்றிவிட்டார்கள்.

இன்றைய அடிப்படை முறை இது. விரல் கம்பியைக் கொக்கிபோல் மேலே தூக்கி இழுக்காது; கம்பியின் ஊடே நகர்ந்து அடுத்த தடித்த கம்பியின் மேல் வந்து ஓய்வெடுக்கும். இதில் மூன்று நன்மைகள்: ஒலி திரட்சியாக வரும், விரலுக்கு நிற்க இடம் கிடைக்கும், ஓய்வெடுத்த விரல் அந்தப் பக்கத்துக் கம்பியின் ஓசையையும் அடக்கிவிடும். ஆள்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி வர வேண்டும். மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பிக்கு இறங்கும்போது மட்டும், ஓய்வெடுத்து நிற்கும் அதே விரல் தொடர்ந்து மீட்டலாம்.

ஒரே விரல் போதாதா என்று கேட்பவர்களுக்கு மோட்டவுன் இசைப்பதிவு நிறுவனத்தின் பாஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) பெரிய சான்று. டபுள் பாஸிலிருந்து வந்த அவர் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். சக கலைஞர்கள் அந்த விரலைக் கொக்கி என்றே அழைத்தார்கள். ஒரே விரல் என்பதால் எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் வந்தன. மெதுவான பாட்டுக்கு ஒரு விரல் இன்றும் குறையல்ல. வேகம் கூடும் இடத்தில்தான் இரண்டாவது விரல் தேவையாகிறது.

கட்டைவிரலை எங்கே ஊன்றுவது? ஈ கம்பியை வாசிக்கும்போது பிக்கப்பின் மேல். ஏ கம்பிக்கு வரும்போது ஈ கம்பியின் மேல். டி, ஜி கம்பிகளுக்கு ஏ கம்பியின் மேல். இதை நகரும் ஊன்றுகோல் எனலாம். கட்டைவிரல் எங்கும் ஊன்றாமல் கம்பிகளின் மேல் வருடியபடி மிதக்கும் முறையும் உண்டு. ஐந்து, ஆறு கம்பி பாஸ் வாசிப்பவர்கள் அதை விரும்புவார்கள். கட்டைவிரலை ஒரே இடத்தில், பிக்கப்பின் மேலேயே நிலையாக வைத்திருப்பதுதான் தவிர்க்க வேண்டியது. ஜி கம்பியை எட்ட விரல் நீள, ஈ கம்பியும் ஏ கம்பியும் கவனிப்பாரின்றி அதிரும்.

மீட்டும் இடமும் ஒலியை மாற்றும். கழுத்தை ஒட்டி மீட்டினால் கம்பி தளர்வாக இருக்கும். ஒலி உருண்டையாக, மென்மையாக வரும். பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் கம்பி விறைப்பாக இருக்கும், ஒலி கூர்மையாகும். பாஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸின் பாடும் தொனியில் பிரிட்ஜ் பக்கத்து மீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆம்பின் திருகுகளைத் தொடுமுன் கையை இரண்டு அங்குலம் நகர்த்திப் பாருங்கள்.

நடைகளை வாயால் சொல்லிப் பழகிய நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தகதிமி என்ற சதுஸ்ர நடையில் இரண்டு விரல்களை மாற்றி மீட்டினால் ஒவ்வொரு தட்டும் ஆள்காட்டி விரலில் தொடங்கும். தகிட என்ற திஸ்ர நடையிலோ முதல் தட்டு ஆள்காட்டியில், அடுத்த தட்டு நடுவிரலில் தொடங்கும். நாட்டுப்புற மெட்டுகளிலும் குத்துப் பாட்டுகளிலும் இந்த நடை அடிக்கடி வரும். பலருக்கு அங்கே தாளம் தடுமாறுவதற்கு, நடுவிரல் தட்டு பலவீனமாக விழுவது ஒரு காரணம். தகிட என்று வாயால் சொல்லிக்கொண்டே, இரண்டு தட்டும் ஒரே கனத்தில் விழும்வரை ஒரே சுரத்தை மீட்டுவது எந்தப் பாடநூலுக்கும் குறைவில்லாத பயிற்சி.

பிக்: கிடாரிலிருந்து வருபவரின் பாலம்

பிக் பிடிப்பது பாஸுக்கு இழுக்கு என்ற எண்ணம் வரலாற்றின் முன் நிற்காது. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிடார் வாசித்துவந்த கேரல் கே, 1963-இல் ஒரு பதிவுக்குப் பாஸ் கலைஞர் வராததால் அந்தக் கருவியை எடுத்தார். பிறகு அமெரிக்காவின் மிகப் பரபரப்பான பாஸ் கலைஞர்களில் ஒருவரானார். அவர் வாசித்தது பிக் கொண்டு. மெக்கார்ட்னியும் 1961-இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியதால் பாஸை ஏற்ற கிடார்க்காரர். அவரும் பெரும்பாலும் பிக் கொண்டே வாசித்தார். தேடிப் போகாமல் பாஸுக்கு வந்து சேர்ந்தவர்கள் காரைக்காலில் மட்டும் இல்லை. தாங்கள் கொண்டுவந்த கையை வீசி எறியாமல் பாஸுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டதே அவர்கள் செய்தது.

திருத்தம் மூன்று இடங்களில் வேண்டும். முதலாவது, பிக்கின் தடிப்பு. கிடாருக்கான மெல்லிய பிக் பாஸ் கம்பியில் வளைந்து தட்டையான சத்தம் தரும்; 0.9 முதல் 1.2 மி.மீ. வரை உள்ளதைப் பயன்படுத்தலாம். இரண்டாவது, அசைவு. முழங்கையிலிருந்து வீசாமல் மணிக்கட்டிலிருந்து சிறிதாக அசைக்க வேண்டும். பிக்கின் நுனி மட்டும் கம்பியைத் தொட வேண்டும். மூன்றாவது, அடக்கம். பிக் பிடித்த கைக்கு ஓய்வெடுக்கும் விரல்கள் இல்லாததால், உள்ளங்கையின் விளிம்பைப் பிரிட்ஜின் அருகே கம்பிகளின் மேல் இலேசாகச் சாய்த்து வைக்க வேண்டும். கேரல் கே கம்பிகளின் மேல் ஃபெல்ட் துணி வைத்தது இதே நோக்கத்தில்தான்.

எல்லாச் சுரத்தையும் கீழ்நோக்கி மீட்டினால் கனமும் சமமும் கிடைக்கும். மேலும் கீழுமாக மீட்டினால் வேகம் கிடைக்கும். முதலில் கீழ்நோக்கு, பிறகு மாற்று மீட்டு என்ற வரிசை நல்லது.

கட்டைவிரலால் மீட்டும் வழியையும் மறக்க வேண்டாம். உள்ளங்கையைப் பிரிட்ஜில் சாய்த்துக்கொண்டு கட்டைவிரல் சதையால் மீட்டினால் டபுள் பாஸை நினைவூட்டும் மென்மையான ஒலி வரும். பாடகரும் பாஸ் கலைஞருமான ஸ்டிங் இப்படி வாசிப்பவர். ஆராதனையின் அமைதியான பாடல்களுக்கு இது பொருத்தம்.

ஸ்லாப் வேறு கதை. பாஸ் கலைஞர் லாரி கிரஹாம் 1960-களில் தம் தாயின் இசைக்குழுவில் டிரம்ஸ் இல்லாமல் வாசிக்க நேர்ந்தபோது, கட்டைவிரலால் கம்பியை அடித்துப் பெரிய டிரம்மின் வேலையையும், விரலால் கம்பியைச் சுண்டி ஸ்நேரின் வேலையையும் சேர்த்துச் செய்தார். இல்லாத தாளக்கருவிக்கு ஈடாகப் பிறந்த நுட்பம் அது. தவிலும் பறையும் பேடும் முழங்கும் நம் மேடையில் தொடங்குபவருக்கு அது அவசரத் தேவையல்ல. மோகினி தே போன்ற இந்தியக் கலைஞர்களைப் பார்த்து ஆசை எழுவது இயல்பு. அந்த வேகத்துக்கு அடியில் பல்லாண்டு அடிப்படைப் பயிற்சி இருக்கிறது.

ஒலியை நிறுத்தும் கலை

பாஸ் கையின் பாதி வேலை சுரத்தை எழுப்புவது. மறுபாதி, வேண்டாத ஓசையை அடக்குவது. டி கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டைப் பிடித்தால் வரும் சுரமும் திறந்த ஜி கம்பியின் சுரமும் ஒன்றே, நொடிக்கு 98 அதிர்வு. ஆகவே தொடாமலேயே ஜி கம்பி கூடவே பாடத் தொடங்கும். மேடையில் பெரிய ஸ்பீக்கர் அருகில் இருந்தால் இந்த இரைச்சல் பன்மடங்காகும். குழுவின் ஒலி குழம்புவதற்குக் காரணம் பல நேரங்களில் மிக்சர் அல்ல, அடக்கப்படாத ஒரு பாஸ் கம்பி.

பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தடித்த கம்பிகளை வலக்கைக் கட்டைவிரலும் ஓய்வெடுக்கும் விரல்களும் பார்த்துக்கொள்ளும். மெல்லிய கம்பிகளை இடக்கையின் சும்மா இருக்கும் விரல்கள் தட்டையாகச் சாய்ந்து அடக்கும். சுரத்தை முடிக்க விரலைத் தூக்க வேண்டியதில்லை. அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, விரல் கம்பியின் மேலேயே இருந்தால் போதும். தூக்கினால் திறந்த கம்பி ஒலித்துவிடும்.

1980-களின் இளையராஜா பாடல்களை வாசிக்க முயல்பவருக்கு இதன் அருமை புரியும். பல ஆண்டுகள் அவரது குழுவில் பாஸ் வாசித்தவர் சசிதரன். அப்பாடல்களில் பாஸ் தாளத்தைத் தாங்குவதோடு நில்லாமல், குரலுக்கு எதிராக இன்னொரு மெட்டுப்போல் கம்பி விட்டுக் கம்பி தாவும். ஒவ்வொரு தாவலிலும் விட்டுவந்த கம்பியை அடக்கினால்தான் அடுத்த சுரம் தெளிவாக விழும். ஏ.ஆர். ரஹ்மானின் பல பாடல்களில் வாசித்த சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸின் வாசிப்பைக் கேட்டால், சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் இசையின் பகுதி என்று விளங்கும்.

ஆம்ப், உப்புக்காற்று, பயிற்சி வரிசை

வீட்டில் ஆம்ப் இல்லாமல் பழகுவது பரவலான வழக்கம். ஒலி காதுக்கு எட்டாததால் வலக்கை தானாகவே ஓங்கி இழுக்கும். கேட்காத சுரத்தை இடக்கை இறுக்கிப் பிடிக்கும். சில மாதங்களில் அந்த முரட்டுத்தனம் நிலைத்துவிடும். ஹெட்போனில் கேட்கும் சிறிய ஆம்ப் ஒன்று வாங்குவது, விலை உயர்ந்த இரண்டாவது பாஸ் வாங்குவதைவிட முக்கியம். பாஸ் கலைஞர் கேரி வில்லிஸ் வலியுறுத்துவதும் இதுவே: ஆம்பில் ஒலியைக் கூட்டு, கையில் பலத்தைக் குறை.

கடற்கரைக்கென்று ஒரு கவனமும் உண்டு. ஈரமும் உப்பும் வியர்வையும் கம்பியில் சீக்கிரம் துருவேற்றும். துருவேறிய கம்பியில் விரல் வழுக்காது, கை இறுகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவிடுங்கள். ஈரத்தில் மரக்கழுத்து வளைந்து கம்பி உயர்ந்துவிடுவதும் உண்டு. 17-ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி 2 முதல் 2.5 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அதைவிட அதிகமானால் விரலைக் குறை சொல்லாமல் கருவியைப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பயிற்சிக்கு இந்த வரிசை பொருந்தும். முதலில் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே, ஒரே கம்பியில், மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 என வைத்து, சுரத்துக்கு ஒரு மீட்டு. அடுத்து ச–ப–மேல் ச வடிவம், ஒவ்வொரு கம்பி மாற்றத்திலும் கட்டைவிரலை நகர்த்தியபடி. பிறகு தகதிமி, தகிட நடைகள். அதன் பின்னரே முதல் ஃப்ரெட். விரல் நுனி எரிவது இயல்பு; சில வாரங்களில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலியும் மரத்துப்போதலும் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தேர்வு எழுதி முறையாகக் கற்க விரும்புவோருக்கு டிரினிட்டி, ராக்ஸ்கூல் ஆகிய தேர்வு அமைப்புகள் இரண்டும் பாஸுக்குத் தனிப் படிநிலைகள் வைத்திருக்கின்றன.

எல்லா முறைகளையும் ஒப்பிட்டபின் கிடைக்கும் தீர்ப்பு இதுதான். மணிக்கட்டு நேராக, பலம் குறைவாக, ஒலிக்கக் கூடாத கம்பி அமைதியாக இருக்கும் எந்தக் கை நிலையும் சரியான கை நிலையே. விரல் மீட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், கிடாரிலிருந்து வந்தவர் பிக்கைக் கைவிட வேண்டாம், ஸ்லாப் காத்திருக்கட்டும்.

பாடகர் குழுக்களையும் மெல்லிசைக் குழுக்களையும் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செலவைக் குறைக்கக் கீபோர்டின் இடக்கையிலேயே பாஸை முடித்துவிடும் வழக்கம் பெருகிவருகிறது. அந்த வாய்ப்பைப் புதியவர் ஒருவருக்குக் கொடுங்கள். திருவிழாவுக்கு முதல்நாள் கருவியைக் கையில் திணிக்காமல், சில மாதங்கள் முன்பே ஒரு சிறிய ஆம்பையும் சேர்த்துக் கொடுங்கள். மேடையேறிய பாஸ் கலைஞர்கள் மாதத்தில் ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் திருத்தினால் போதும். அடுத்த திருவிழாவுக்கு உங்கள் குழுவில் ஒரு நல்ல பாஸ் கலைஞர் இருப்பார்.